உக்கும் காலம்

"உலோக உள்ளுறை கொண்ட பிரேதப் பெட்டி எதுவும், அவ்வுறையில் போதிய துவாரங்கள் இடப்பட்டாலன்றிப் புதைக்கப்படலாகாது." விதி இவ்வளவுதான். அதற்கு அடுத்த விதி, ஒருமுறை மூடிய குழியை அதிலுள்ள உடலின் சிதைவுக்கு வேண்டிய காலம் கழியும் முன்னர் மறுபடி திறக்கலாகாது என்கிறது. முதலாவது விதி எதற்காக இருக்கிறது என்பது இரண்டாவதை வாசித்தால் விளங்கும். காற்றும் ஈரமும் உள்ளே போனால்தான் உடல் மண்ணாகும். மண்ணானால்தான் அந்த இடம் இன்னொருவருக்கு உதவும். மயானத்தை நிர்வகிப்பவர்கள் மரணத்தைப் பற்றி இதைவிட உயர்வாகச் சிந்திக்கத் தேவையில்லை.

நான் பிரதம எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவன். மயானங்களோடு எனக்கு உத்தியோகத் தொடர்பு எதுவும் இருந்ததில்லை. ஆனால் விதிக்கோவைகளை வாசிப்பது சிலருக்குச் சீட்டாட்டம் போல எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். வெள்ளவத்தை வீட்டில் என் அலுமாரியில் இருப்பவை பாதி விதிக்கோவைகள், மீதி அகராதிகள். ஆங்கில மூலத்தில் அந்த இரண்டாவது விதி 'டிகே' என்ற சொல்லைப் பாவிக்கிறது. பல்லில் சொத்தை விழுந்தால் பல்வைத்தியர் சொல்வாரே, அதே டிகே. மொழிபெயர்ப்பாளர் அதற்குச் சிதைவு என்று போட்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பௌதிகப் புத்தகத்தில் ரேடியத்துக்கு நடப்பதும் சிதைவுதான். என் அத்தானுக்கு நடக்காமல் போனதும் அதுதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வாழ்ந்தவர். துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலால் இறங்கும் பெட்டிகளின் எண்ணிக்கை சரியா, முத்திரை உடைபட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகு, ஜேர்மனியில் இருந்த மகனைப் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். மகனுக்கு அங்கே அகதி அந்தஸ்து. உடலோடு கொழும்புக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. வர முடியாத பிள்ளைகள் அந்தப் போர் வருடங்களில் செய்ததையே அவனும் செய்தான். தன்னால் அனுப்பக்கூடியதில் மிகச் சிறந்ததை அனுப்பினான். மெருகிட்ட கனமான மரப்பெட்டி. அதற்குள் துத்தநாகத் தகட்டால் இன்னொரு பெட்டி. விளிம்பெல்லாம் ஈயப்பற்று வைத்துக் காற்றுப் புகாமல் மூடியிருந்தது. விமானக் கம்பனிக்கு அது நிபந்தனை. மகனுக்கு அது மரியாதை.

பெட்டியை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்தது நானும் அக்காவின் மகளும். ஒருகொடவத்தைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் வண்டியை மறித்தார்கள். ஒரு பக்கம் கொள்கலன்கள் அடுக்கடுக்காக நின்றன. அவற்றை யாரும் திறக்கச் சொல்லவில்லை. எங்களிடம் வந்த சிப்பாய்க்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. பெட்டியை விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தான். உள்ளே தகரச் சத்தம் கேட்டது.

"ஏக்க அரின்ன பெரித, மாத்தயா?" என்றான். திறக்க முடியாதா என்று கேட்கிறான்.

நான் சிங்களத்தில், சுகாதார அதிகாரியின் கட்டளை இல்லாமல் முத்திரையை உடைத்தால் உடைத்தவர்தான் பொறுப்பு என்று சொல்லி, கடதாசிகளை நீட்டினேன். தூதரகத்தினுடையது, சுங்கத்தினுடையது, தனிமைப்படுத்தல் பிரிவினுடையது. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வாசித்தான் என்று சொல்லமாட்டேன். பிறகு தொப்பியைக் கழற்றி, பெட்டிக்கு மேலே ஒரு கணம் கையை வைத்துவிட்டு, போகச் சொன்னான். பயத்தில் செய்தானா மரியாதையில் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் பெட்டியைத் திறக்க முடியாததால் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மூடிக்கு மேலே ஒரு படத்தை வைத்து அழுதார்கள். அக்கா மட்டும் அழாமல், பெட்டியின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் மயானத்தில்தான் அந்த முதலாவது விதி வந்து நின்றது. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், கையில் சுத்தியலும் கூரான உளியும் வைத்திருந்த ஒரு உதவியாளரோடு வந்திருந்தார். மரத்தில் அடையாளம் போட்டு, தகட்டையும் சேர்த்துத் துளையிட வேண்டும். சில நிமிட வேலை. உதவியாளர் உளியை வைத்தபோது அக்கா எழும்பி வந்து இரண்டு கையையும் மூடிக்கு மேலே வைத்தாள்.

"என்ன செய்யப் போறியள்?"

"ஓட்டை போடவேணும், அம்மா. சட்டம்," என்றார் பரிசோதகர், தெரிந்த தமிழில்.

"ஆருக்கு ஓட்டை? அவருக்கோ?"

"தகரத்துக்கு அக்கா, தகரத்துக்கு," என்றேன் நான். "விதி இருக்குது. போடாட்டி உள்ளுக்குக் காத்துப் போகாது. பிறகு..."

"உன்ர விதியை உன்ர கந்தோரிலை வை, தம்பி. பிள்ளை அங்கையிருந்து எவ்வளவு பத்திரமா மூடி அனுப்பியிருக்கிறான். ஒரு பூச்சி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ளை போகாது எண்டு டெலிபோனிலை சொன்னவன். நான் அதுக்கு மேலை ஆணி அடிக்க விடுறதோ?"

நான் விதியை இரண்டாம் முறையும் சொன்னேன். பங்குச் சுவாமியாரும் ஏதோ சொன்னார். ஆனால் கொழும்புக் கோட்டைப் பக்கம் ஏதோ நடந்துவிட்டது, வீதிகளை மூடப் போகிறார்கள் என்று யாரோ வந்து சொல்ல, நின்றவர்கள் எல்லாரும் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பரிசோதகருக்கும் வீடு தூரம். அவர் அக்காவின் கையைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார், பிறகு தன் கோவையில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார். குடும்பத்தினர் ஆட்சேபித்ததால் துவாரமிடப்படவில்லை. பெட்டி அப்படியே இறங்கியது. இறங்கும்போது நாலு பக்கமும் கயிறு பிடித்தவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

அன்று மயானத்தில் நின்ற அத்தனை பேரிலும், தான் அன்பாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நம்பி வீட்டுக்குப் போனவள் அக்கா ஒருத்திதான்.

வருடங்கள் போயின. போர் போகவில்லை. மாலைச் செய்தியில் ஆங்கிலத்தில் தினமும், செத்தவர், காயப்பட்டவர் என்று 'கேஷுவல்ட்டி' எண்ணிக்கை சொன்னார்கள். அந்தச் சொல்லும் டிகேயும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று நான் அகராதியில் கண்டுபிடித்தது அந்தக் காலத்தில்தான். இரண்டுக்கும் மூலம், விழு என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினை. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக, கீழே விழுந்து போதல் என்ற கருத்தோடு டிகே ஆங்கிலத்துக்கு வந்தது. எதிர்பாராமல் வந்து விழும் விபத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்தது. ஒருவருக்கு நேர்ந்து விழும் சங்கதி, அதாவது நாங்கள் கந்தோரில் கட்டி வைத்த ஒவ்வொரு 'கேஸ்'ம் அப்படித்தான். உரிமை கோர ஆளில்லாமல் முடியரசுக்கு வந்து விழும் சொத்துக்குச் சட்டத்தில் 'எஸ்சீட்' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் இதே குடும்பம். அந்தச் சொல்லின் தலையை வெட்டியதுதான் ஆங்கிலத்தில் ஏமாற்றுதலுக்கான 'சீட்' என்று படித்தபோது, அரசாங்கத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை.

இன்னொன்றும் கண்டேன். ஆரம்பத்தில் டிகே என்பது பிணத்துக்கு உரிய சொல்லே அல்ல. செல்வம் குறைவது, உடல் தளர்வது, குடும்பம் நொடிப்பது, இதற்குத்தான் அதைப் பாவித்தார்கள். வாழ்ந்து கெட்ட கனவான்களை 'டிகே ஆன கனவான்' என்று மரியாதையாக எழுதினார்கள். என் ஓய்வூதியச் சீட்டைப் பார்க்கும்போது எனக்கு அந்த மரியாதை நினைவுக்கு வரும். அழுகுதல், மண்ணாதல் என்ற பொருள் பிறகுதான் வந்து சேர்ந்தது. முதலில் மனிதர் விழுந்தார்கள். பிறகுதான் சதை விழுந்தது.

தமிழில் நாங்கள் வீட்டில் சிதைவு என்று சொல்வதில்லை, உக்குதல் என்போம். மரம் உக்கும், சருகு உக்கும், பழைய கூரைச் சட்டம் உக்கும். கண்ணீர் உகுத்தல் என்று எழுதுகிறோமே, அந்த உகுவுக்கும் இந்த உக்குவுக்கும் உறவு இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பண்டிதர்கள் மறுத்தால் சண்டைக்குப் போகமாட்டேன். உகுதல் என்றாலும் சொரிந்து விழுதல்தான். ஒன்றையொன்று கண்டறியாத இரண்டு சாதி மனிதர்கள், ஒரு பொருள் அழிவதை உற்றுப் பார்த்துவிட்டு, அது விழுகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். விழாமல் தாங்கிப் பிடிக்கத் துத்தநாகம் பின்னால்தான் வந்தது.

அக்காவுக்கு நோய் கண்டபோது வைத்தியர்கள் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அவள் நேராகவே விளங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"தம்பி, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அவரின்ர குழியிலை என்னை வைக்கவேணும். பக்கத்திலை இல்லை, அந்தக் குழியிலை. நான் கண்ணை மூட முந்தி எனக்கு அது தெரியவேணும்."

அவள் கேட்டது புதுமையானதல்ல. எங்கள் பகுதியில் கணவனும் மனைவியும் ஒரே குழியில் படுப்பது வழமை. முதலில் இறந்தவர் மண்ணாகி இடம் விட்டிருப்பார். எலும்புகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மற்றவரை இறக்குவார்கள். அதுவரை நான் போன இரட்டைக் குழிகளில் யாரும் இடம் விடாமல் இருந்ததில்லை.

நான் விண்ணப்பம் எழுதினேன். உயிரோடு இருப்பவர் தன் குழியைத் திறக்க அனுமதி கேட்பதற்கு நடைமுறை இல்லை. ஆனால் கேட்கக் கூடாது என்றும் விதி இல்லை. விண்ணப்பதாரர் அக்கா. பிரதிகள் உரிய இடங்களுக்கு. கிடைத்ததற்கு ஒப்புதல் வராதபோது நினைவூட்டல். அதற்கும் வராதபோது நேரில் போனேன். வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் வழியில் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். வேட்டி கட்டியிருந்தால் ஒரு கேள்வி அதிகம். அதனால் காற்சட்டை போட்டுக்கொண்டு போவேன்.

மயானக் கந்தோரில் இருந்தவர் நல்ல மனிதர். கோவையைத் தேடி எடுத்தார். பக்கத்து வீதியில் குண்டு வெடித்து யன்னல் கண்ணாடி விழுந்தபோது இடம் மாற்றிய கட்டுகளுக்குள் அது இருந்தது. பழைய பரிசோதகரின் ஒற்றை வரியில் விரலை வைத்து, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கலந்து கதைத்தார். அதன் சாரம் இது:

"சேர், துவாரம் இல்லை. உடல் உக்கியிருக்கும் என்று நான் எப்படி எழுதுவது?"

"திறந்து பார்த்தால் தெரியும்."

"திறக்க வேண்டுமென்றால் உக்கியிருக்க வேண்டும், சேர்."

"அது தெரிய வேண்டுமென்றால் திறக்க வேண்டும்."

"ஓம், சேர்," என்றார் அவர், தமிழில், மிகுந்த அனுதாபத்தோடு. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்."

இந்த வட்டத்தை நான் குறை சொல்ல முடியாது. இதைவிடச் சுத்தமான வட்டங்களை நானே சேவைக் காலத்தில் வரைந்திருக்கிறேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவர் இன்னும் உக்கேல்லையாமோ?"

"உக்கியிருக்கமாட்டார் எண்டு அவை நினைக்கினம்."

"முகம் அப்பிடியே இருக்குமோ?"

தெரியாது என்றேன்.

"நான்தானே ஓட்டை போட விடேல்லை," என்றாள். அழுகையாகச் சொல்லவில்லை, அரிசிக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்பது போலச் சொன்னாள். "நான் என்னத்தைக் கண்டன். அவரைக் காப்பாத்தினனான் எண்டு நினைச்சன். எனக்கு இடமில்லாமல் காப்பாத்திப் போட்டன்."

அறையில் நின்ற மகள் வெளியே போய்விட்டாள்.

பதில் வரவில்லை. அக்கா மெலிந்துகொண்டு வந்தாள். நான் விதிக்கோவையை முதலாம் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன். அதில் புதைத்தல் என்று வரும் இடமெல்லாம் உடலைப் பற்றியது. எரித்த சாம்பலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கந்தோர்க்காரரிடம் போய், ஒருவருடைய சாம்பலைச் சின்னப் பேழையில் வைத்து, இருக்கும் குழியின் தலைமாட்டில், பெட்டியைத் தொடாத ஆழத்தில் வைத்தால் அது குழியைத் திறந்ததாகுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். பூங்கன்று நடுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை என்றார். நான் அவரை எழுத்தில் கேட்கவில்லை. எழுத்தில் கேட்டிருந்தால் அதுவும் மேலிடத்துக்குப் போயிருக்கும்.

இதை அக்காவிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு கிழமை பிடித்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் சனத்தில் அதுவரை யாரும் எரிந்ததில்லை. எரிப்பது சைவக்காரருடைய வழக்கம். நாங்கள் வேதக்காரர், முழு உடலோடு எழும்ப வேண்டியவர்கள். திருச்சபை அனுமதித்து வெகு காலம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அனுமதி என்பது ஒன்று, அக்காவின் மனதுக்குள் இருப்பது வேறொன்று.

சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சுவாமி என்ன சொல்லுறார்?"

"பாவமில்லையாம். ஆனால் சாம்பலைக் கடலிலை போடக் கூடாதாம், வீட்டிலை வைக்கக் கூடாதாம். மந்திரிச்ச மண்ணிலை வைக்கவேணுமாம்."

"சேமக்காலையிலைதானே வைக்கிறது?"

"ஓம். அவரின்ர தலைமாட்டிலை."

"எரிச்சா என்ன மிஞ்சும்?"

"சாம்பல். கொஞ்சம் எலும்பு."

"அப்ப அவர் முழுசா உள்ளுக்கு. நான் பொடியா மேலை."

"ஓம், அக்கா."

சேமக்காலை என்பது மயானத்துக்கு எங்கள் சனம் சொல்லும் பெயர். அந்தச் சொல்லை அவள் சொன்னபோதே பாதி முடிவு எடுத்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் மறுநாள் சுவாமியாரைக் கூப்பிட்டு, தன் வாயாலேயே கேட்டாள். அதற்கு அடுத்த நாள் மகளோடு சண்டை பிடித்தாள். எரிக்கக் கூடாது என்று மகள் நின்றாள். "பொறு அம்மா, பதில் வரட்டும், ஓம் எண்டு வந்தா என்ன செய்வாய்?" என்று மகள் கேட்டபோது, அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இவனைக் கேள். இவன் முப்பது வருசமா உப்பிடித்தான் சனத்தைக் காக்க வைச்சவன். பதில் எப்ப வரும் எண்டு இவனுக்குத்தான் தெரியும்."

பிறகு அவள் கொஞ்சம் சிரித்தாள். நோயில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இஞ்சை பாரும் பிள்ளை. கடைசி நாளிலை ஆண்டவர் எல்லாரையும் எழுப்பேக்கை, உன்ர அப்பா அந்தத் தகரத்துக்குள்ளை எழும்பிக் கிடந்து தட்டிக்கொண்டிருப்பார். உன்ர அண்ணன் பூட்டின பூட்டு ஆருக்குத் திறக்கும்? நான் வெளியாலை இருந்தாத்தானே திறந்துவிடலாம்."

மகள் அழுதபடியே சிரித்தாள். சிரித்ததால் சம்மதித்ததாக ஆகிவிட்டது. ஆனால் அவள் சம்மதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அக்கா மழைக்காலம் தொடங்க முன்னர் போய்விட்டாள். பொரளையில் பூ வாங்கினோம். எரிக்கும் மண்டபத்துக்குள் நானும் சுவாமியாரும் போனோம். மகள் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். புகைபோக்கி இருக்கும் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சாம்பலை வைத்த அன்று கந்தோர்க்காரரும் வந்து, தள்ளி, மரத்துக்குக் கீழே நின்றார். ஒரு முழ ஆழம்தான். மண் கறுப்பாக, ஈரமாக, இலைச் சருகு உக்கி மெத்தென்று இருந்தது. சுவாமியார் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். மகள் பேழையை வைத்துவிட்டு, மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினாள்.

அதற்குப் பிறகு அவளை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தபால்காரனின் மணி கேட்டால் உள்ளே போய்விடுவாள். ஓம் என்று அனுமதி தந்து ஒரு கடிதம் வந்தால், தாயை வீணாக எரித்துவிட்டோம் என்று ஆகிவிடும். கொஞ்சம் பொறுத்திருந்தால் அம்மா முழுசாகப் போயிருக்கலாம் என்று ஆகிவிடும். அதை அவள் என்னிடம் ஒருதரம்தான் சொன்னாள். சொன்ன பிறகு நானும் தபால்காரனுக்குப் பயப்படத் தொடங்கினேன். சேவைக் காலத்தில் எத்தனையோ பேருக்குப் பதில் வராமல் இருந்திருக்கிறது. பதில் வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு கோவைக்காகத்தான்.

மரித்தோர் நினைவு நாளுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனோம். சேமக்காலை முழுவதும் சனம். அத்தானின் சிலுவைக்கு முன்னால் அக்கா இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மகள் அந்தப் புல்லைப் பிடுங்காமல் விட்டாள்.

அடுத்த நாள் காலை அவள் எனக்கு டெலிபோன் எடுத்தாள். உடனே வரச் சொன்னாள். நான் போனபோது கடிதம் மேசைக்கு நடுவில், பிரிக்காமல் இருந்தது. பெயர் அக்காவுடையது. தபால் முத்திரை தெளிவில்லை.

"மாமா, நீங்கள் உடையுங்கோ. ஓம் எண்டு இருந்தா எனக்குச் சொல்ல வேண்டாம். சும்மா மடிச்சுச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போங்கோ."

உடைத்தேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. உலோக உறை துவாரமிடப்படாத நிலையில் டிகேயின் காலத்தை நிர்ணயிக்க இயலாமையால், கோரப்பட்ட அனுமதி வழங்கப்பட முடியாது. விண்ணப்பதாரர் மேலதிக விளக்கம் வேண்டின் அடையாள அட்டையுடன் நேரில் சமுகமளிக்கலாம்.

"இல்லையெண்டு போட்டிருக்கு," என்றேன்.

அவள் நம்பவில்லை. கடிதத்தை வாங்கி, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, தானே வாசித்தாள். முடிந்ததும் மறுபடி வாசித்தாள். பிறகு கதிரையில் அமர்ந்து, தாய் இறந்த நாளிலிருந்து அழாத அழுகையை அழுது முடித்தாள். முடிந்ததும் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள்.

அது நவம்பர் மாதம் மூன்றாம் திகதி, மரித்தோர் நாளுக்கு மறுநாள்.